பூஞ்சை யாருக்குச் சொந்தம்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தாவரங்களைப் பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே "காளான் செடி அல்ல" என்று ஒற்றை வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் பூஞ்சைகளுக்கும், பூஞ்சை மாதிரியே இருந்து ஆளை ஏமாற்றும் வேறு சில உயிர்களுக்கும்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

காளான் மண்ணில் முளைக்கிறது, இடம் விட்டு நகர்வதில்லை, பிடுங்கினால் வேர் மாதிரி வெள்ளையாக ஏதோ வருகிறது. பிறகு எப்படிச் செடி இல்லை என்கிறீர்கள்? செடி இல்லையென்றால் விலங்கா?

விலங்கும் இல்லை. ஆனால் இரண்டில் எதற்குப் பக்கத்துச் சொந்தம் என்று கேட்டால், தயங்காமல் விலங்குக்குத்தான் என்பேன். கேட்டதும் நம்பமாட்டீர்கள், எனக்கும் முதலில் பாடமாகப் படித்தபோது நம்பிக்கை வரவில்லை. உயிர்களை வகைப்படுத்திப் பெயரிட்ட பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் லின்னேயஸ் காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பூஞ்சைகளைத் தாவரங்களோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள். 1969-ல் ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து பெரும் பிரிவாகப் பிரித்தபோதுதான் பூஞ்சைகளுக்கென்று தனி உலகம் கிடைத்தது. அதற்கு அவர் முக்கியமாகப் பார்த்தது உருவத்தை அல்ல, சாப்பிடும் முறையை.

செடி வெயிலை வைத்துத் தன் உணவைத் தானே செய்துகொள்கிறது. விலங்கு உணவை விழுங்கி, உள்ளே வைத்துச் செரிக்கிறது. பூஞ்சை என்ன செய்கிறது தெரியுமா? தானே உணவுக்குள் நுழைந்துவிடுகிறது. நுழைந்து, நொதிகளை வெளியே கசியவிட்டு, சுற்றியிருப்பதை அங்கேயே கரைத்து, கரைந்ததை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கிறது. வயிற்றுக்கு உள்ளே நடப்பதை அது வயிறே இல்லாமல் வெளியே நடத்துகிறது. பூஞ்சையைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற பதில்களிலும் இதற்குத்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறேன்.

நீங்கள் வேர் என்று நினைத்தது வேர் அல்ல. அதுதான் உண்மையான பூஞ்சை. மயிரைவிட மிக மெல்லிய இழைகள், ஒவ்வொன்றும் நுனியில் மட்டும் வளர்ந்துகொண்டே, கிளைவிட்டு, பின்னி, மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ பரவிக்கிடக்கும். இந்த வலைக்கு மைசீலியம் என்று பெயர். தரைக்கு மேலே குடை விரித்து நிற்கிற காளான், இனப்பெருக்கத்துக்காக அந்த வலை அனுப்பும் ஓர் உறுப்பு மட்டுமே, மாமரத்துக்கு மாங்காய் மாதிரி.

சரி, விலங்குச் சொந்தம் எப்படி வந்தது? செடியின் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின், அதாவது வண்டின் ஓட்டிலும் நண்டின் ஓட்டிலும் இருக்கிற அதே பொருள். செடி மிச்ச உணவை ஸ்டார்ச்சாகச் சேமிக்கும், பூஞ்சை நம் கல்லீரலைப் போல கிளைக்கோஜனாகச் சேமிக்கும். பிறகு டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்க்கும் காலம் வந்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று: விலங்குகளுக்கும் பூஞ்சைகளுக்கும் சுமார் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே முன்னோர், செடிகளின் கிளை அதற்கும் முன்பே பிரிந்து போய்விட்டது.

பூஞ்சை தவளைகளைக் கொல்கிறது என்று படித்தேன். உண்மையா?

உண்மை. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. கைட்ரிட் என்ற பழமையான பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று தவளைகளின் தோலைத் தாக்குகிறது. தவளை தோல் வழியாகத்தான் நீரையும் உப்புகளையும் சமன் செய்துகொள்கிறது, அந்தத் தோல் கெட்டுப்போனால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து கடைசியில் இதயம் நின்றுவிடும். 2019-ல் வெளிவந்த உலகளாவிய கணக்கெடுப்பின்படி 501 தவளை, சாலமாண்டர் வகையினங்கள் இந்த நோயால் குறைந்திருக்கின்றன, அவற்றில் 90 முற்றிலும் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. ஒரே ஒரு நோயால் இத்தனை வகையினங்கள் போனதாக வேறு எந்தக் கணக்கும் எனக்குத் தெரியாது.

முந்தைய பதிலோடு இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது. கைட்ரிட்களின் ஸ்போர்கள் (ஸ்போர் என்றால் பூஞ்சையின் விதை போன்ற ஒற்றைச் செல் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்) தண்ணீரில் நீந்தும், பின்பக்கம் ஒரே ஒரு வாலை ஆட்டிக்கொண்டு. விலங்குகளின் விந்தணுவும் அப்படித்தான் நீந்துகிறது. அந்தப் பின்வால் நம் இரு தரப்புக்கும் பொதுவான முன்னோர் விட்டுச்சென்றது.

ரொட்டியில் ஓர் ஓரத்தில் மட்டும் பூசணம் பிடித்திருந்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற பச்சையோ கறுப்போ ஸ்போர்கள் உருவாகும் இடம் மட்டும்தான். அது தெரிகிற நேரத்துக்குள் நிறமே இல்லாத இழைகள் மெத்தென்ற ரொட்டிக்குள் நெடுந்தூரம் போயிருக்கும், ஏனென்றால் மேலே சொன்னேனே, பூஞ்சை உணவின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, உள்ளே இருந்துதான் சாப்பிடுகிறது.

எல்லாப் பூசணமும் விஷம் இல்லை. ஆனால் எது விஷம் என்று பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, நுண்ணோக்கி இல்லாமல் என்னாலும் முடியாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துப்போயின. தேடிப்போனால் அவற்றின் தீவனத்தில் சேர்த்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை இருந்திருக்கிறது, அது உண்டாக்கிய நச்சுக்குத்தான் அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, சமைக்கும் சூட்டில் பெரிதாக அழியாது. ஆகவே கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் வேண்டாம். பூஞ்சை செத்துவிடும், அது விட்டுப்போன நச்சு அப்படியே இருக்கும்.

முகர்ந்து பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஸ்போர்கள் நேராக மூக்குக்குள் போகும்.

நேற்று சாயங்காலம் வெறும் தரையாக இருந்த இடத்தில் இன்று காலை கை அகலக் காளான். ஓர் இரவில் எப்படி இவ்வளவு வளர்கிறது?

வளரவில்லை, ஊதிப் பெருக்கிறது. மைசீலியம் பல நாள்களாக மண்ணுக்குள்ளேயே ஒரு சிறிய மொட்டைத் தயார் செய்து வைத்திருக்கும். குடை, காம்பு, குடைக்கு அடியிலிருக்கும் மடிப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே சின்னதாக அமைந்திருக்கும். மழை வந்ததும் இருக்கிற செல்கள் தண்ணீரை இழுத்துக்கொண்டு நீள்கின்றன, புதிதாகச் செல்களை உண்டாக்கும் வேலை அப்போது அதிகம் இல்லை. காளானில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பது இதனால்தான். அந்த நீரின் அழுத்தம் லேசானதல்ல, சில காளான்கள் தார்ச்சாலையையே விரிசல் விடவைத்து வெளியே வந்திருக்கின்றன.

ஈஸ்ட் ஒரு செல் உயிர் என்று பாடத்தில் இருக்கிறது. இழையும் இல்லை, வலையும் இல்லை. பிறகு அதை ஏன் பூஞ்சை என்கிறோம்?

நல்ல கேள்வி, கேட்டவர் பத்தாம் வகுப்பு மாணவி என்பது இன்னும் சந்தோஷம். ஈஸ்ட் என்பது ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல, வாழும் வடிவத்தின் பெயர். சர்க்கரை கரைந்த நீர் மாதிரி உணவு தானாக வந்து சேருகிற இடத்தில் இழை நீட்டித் துளைத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை, ஒற்றைச் செல்லாக மிதந்துகொண்டு மொட்டுவிட்டுப் பெருகினால் போதும். பூஞ்சைகளுக்குள்ளேயே வெவ்வேறு கிளைகள் தனித்தனியாக இந்த வாழ்க்கைக்கு வந்திருக்கின்றன. செல்சுவரைப் பார்த்தாலும் மரபணுக்களைப் பார்த்தாலும் அவை பூஞ்சைகளே. சாப்பிடும் முறையும் அதேதான், நொதியை வெளியே விட்டு உறிஞ்சுவது.

சில பூஞ்சைகள் இரண்டு வடிவத்தையும் வைத்துக்கொண்டிருக்கின்றன. ஹிஸ்டோபிளாஸ்மா மண்ணில் இழையாக இருக்கும், மூச்சு வழியாக நம் உடம்புக்குள் போனால் 37 டிகிரி வெப்பத்தில் ஈஸ்ட்டாக மாறிவிடும். கேண்டிடா என்ற இன்னொரு பூஞ்சை வேண்டியபோது அப்படியும் இப்படியும் மாறும்.

மாவைப் புளிக்கவைக்கும் சாதாரண ஈஸ்ட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். உட்கரு உள்ள உயிர்களில் முழு மரபணுத் தொகுதியும் முதன்முதலில் படித்து முடிக்கப்பட்டது இதற்குத்தான், 1996-ல். சுமார் ஆறாயிரம் மரபணுக்கள். செல் எப்போது பிரிய வேண்டும் என்று எப்படித் தீர்மானிக்கிறது, தன் பழைய பாகங்களை எப்படித் தானே உடைத்து மறுபடி பயன்படுத்துகிறது என்பதையெல்லாம் ஈஸ்ட்டை வைத்துத்தான் விடுவித்தார்கள். 2001-லும் 2016-லும் மருத்துவத்துக்கான நோபல் பரிசுகள் அந்த வேலைக்காக. நம் செல்லைப் புரிந்துகொள்ள ஒரு பூஞ்சை உதவியது எப்படி என்றால், சொந்தம் என்பதால்தான்.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்தது பூஞ்சை என்று என் பழைய பாடப்புத்தகத்தில் இருக்கிறது. என் மகளின் புத்தகமோ அது பூஞ்சையே இல்லை என்கிறது. எது சரி?

மகளின் புத்தகம். ஆனால் உங்கள் புத்தகத்தை எழுதியவர்மீது குற்றம் சொல்லமுடியாது, நுண்ணோக்கியில் பார்த்தால் யாரும் பூஞ்சை என்றுதான் சொல்வார்கள். இழை இழையாக வளரும், இலைக்குள் நுழைந்து உறிஞ்சும், ஸ்போர் விடும். 1876-ல் அதற்கு ஃபைட்டோஃப்தோரா என்று பெயரிட்ட ஆன்டன் டி பாரியும் அதைப் பூஞ்சை என்றே நினைத்திருந்தார். தாவர அழிப்பான் என்று அந்தப் பெயருக்குப் பொருள். பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் பத்து லட்சம் பேர்வரை இறந்தார்கள், இன்னும் அதே அளவு மக்கள் நாட்டைவிட்டே போனார்கள். நோய் ஒன்றுதான் காரணம் என்று சொல்வது சரியல்ல. ஏழைகள் அந்த ஒரே பயிரை நம்பியிருந்ததும், ஆட்சி செய்தவர்களின் முடிவுகளும் அதில் சமபங்கு உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்த உயிர் ஊமைசீட்ஸ் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது, நீர்ப்பூஞ்சை என்றும் சொல்வார்கள். அதன் செல்சுவரில் கைட்டின் முக்கியமில்லை, பெரும்பாலும் செல்லுலோஸும், குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிகளும்தான். இழைகளின் உட்கருக்களில் குரோமோசோம்கள் இரட்டைத் தொகுதியாக இருக்கும், பெரும்பாலான பூஞ்சைகளின் இழைகளில் ஒற்றைத் தொகுதிதான். அதன் நீந்தும் ஸ்போருக்கு இரண்டு வால்கள், ஒன்று மழமழவென்று, இன்னொன்றில் பக்கவாட்டில் நுண்ணிய மயிர்கள். கைட்ரிட்டின் ஒற்றைப் பின்வாலை நினைத்துப் பாருங்கள், இது வேறு வம்சம் என்பது வாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிஎன்ஏ சொல்கிற உறவு இன்னும் ஆச்சரியமானது: கடலில் வளரும் பழுப்புப் பாசிகளும், கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் டயாட்டம்களும்தான் இதற்கு உறவினர்கள். உருளைக்கிழங்குக் கொல்லிக்குப் பூஞ்சையைவிடக் கடல்பாசி நெருக்கம்.

அப்புறம் ஏன் அச்சு அசலாகப் பூஞ்சை மாதிரியே இருக்கிறது என்று கேட்பீர்கள். திமிங்கிலம் மீன் மாதிரி இருப்பதற்கு என்ன காரணமோ அதுதான். தண்ணீரில் வேகமாக நீந்தவேண்டுமென்றால் அந்த உடல்வாகுதான் சரிப்படும். உணவுக்குள்ளேயே புகுந்து, வெளியே செரித்து, உறிஞ்சி வாழவேண்டுமென்றால் மெல்லிய, கிளைவிடும், நுனியில் வளரும் இழைதான் சரிப்படும், கொஞ்சம் உடம்பை வைத்துக்கொண்டு மிக அதிகப் பரப்பைத் தொடமுடியும் என்பதால். பூஞ்சைகள் ஒரு வழியில் அங்கே வந்து சேர்ந்தன, ஊமைசீட்ஸ் வேறு வழியில் வந்து சேர்ந்தன.

இது வெறும் பெயர்ச்சண்டை என்று யாரும் நினைக்கவேண்டாம். பூஞ்சைக்கொல்லி மருந்துகளில் பல, பூஞ்சையின் செல்சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்பைச் செய்யவிடாமல் தடுப்பவை. ஃபைட்டோஃப்தோரா அந்தக் கொழுப்பைச் செய்வதே இல்லை, ஆகவே அந்த மருந்தை எத்தனை முறை தெளித்தாலும் பலன் கிடையாது. மாறாக மெட்டலாக்சில் என்ற மருந்து ஊமைசீட்ஸைப் பிடிக்கும், உண்மைப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. யார் என்று தெரியாமல் மருந்து வாங்கினால் பணமும் போகும் பயிரும் போகும்.

தவறு எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்குக் கொடிய நிமோனியாவைத் தரும் நியூமோசிஸ்டிஸை வெகுகாலம் புரோட்டோசோவா, அதாவது அமீபா மாதிரியான ஒருசெல் உயிர் என்றே வைத்திருந்தார்கள். 1988-ல் மரபணுத் தகவலைப் பார்த்தபிறகு அது பூஞ்சை என்று தெரிந்தது. ஆனால் அதன் சவ்வில் எர்கோஸ்டீரால் இல்லாததால் வழக்கமான பூஞ்சை மருந்துகள் பல அதனிடம் எடுபடுவதில்லை. பிரிவு தெரிந்தால் மட்டும் போதாது, ஆளையும் தெரிந்துகொள்ளவேண்டும்.

தோட்டத்தில் போட்டிருந்த மரச்சிராய்களின் மேல் மஞ்சளாக, வாந்தி எடுத்த மாதிரி ஏதோ இருந்தது. மறுநாள் பார்த்தால் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது! பூஞ்சை நகருமா?

நகராது. நீங்கள் பார்த்தது அநேகமாக ஃபியூலிகோ என்ற சளிப் பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருக்கிறதே தவிர, அமீபாக்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. நொதியை வெளியே விட்டு உறிஞ்சும் பழக்கம் இதற்கு இல்லை, பாக்டீரியாவையும் ஸ்போர்களையும் அமீபா மாதிரி அப்படியே சூழ்ந்து விழுங்கிவிடும். நகர்ந்து போய்த் தேடி விழுங்குகிறது என்ற ஒன்றே போதும், பூஞ்சை இல்லை என்று சொல்ல. ஸ்போர் விடும் நேரத்தில் மட்டும் அசையாமல் நின்று சிறு சிறு மொட்டுகளாக மாறுவதால்தான் பழைய ஆட்கள் பூஞ்சைகளோடு சேர்த்துவிட்டார்கள்.

உங்களுக்கு அருவருப்பாக இருந்திருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது, ஆனால் அடுத்தமுறை பார்த்தால் தயவுசெய்து ஒரு லென்ஸோடு பக்கத்தில் உட்காருங்கள். அந்த மஞ்சள் முழுவதும் ஒரே செல். உள்ளே லட்சக்கணக்கான உட்கருக்கள், இடையில் சுவரே இல்லாமல். நரம்பு மாதிரி ஓடும் குழாய்களில் உள்ளிருக்கும் திரவம் சிறிதுநேரம் முன்னோக்கி ஓடும், நிற்கும், பின்னோக்கி ஓடும். நான் முதன்முதலில் ஃபைசாரம் என்ற இதன் உறவினரை நுண்ணோக்கியில் பார்த்தபோது மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

மூளை இல்லை, நரம்பு இல்லை, ஆனால் 2000-ல் தோஷியுகி நகாகாகியும் கூட்டாளிகளும் ஃபைசாரத்தை ஒரு புதிர்ப்பாதைக்குள் பரவவிட்டு, இரண்டு முனையிலும் உணவு வைத்தார்கள். அது முட்டுச்சந்துகளிலிருந்து பின்வாங்கி, மிகக் குறுகிய வழியில் மட்டும் ஒரு தடித்த குழாயை விட்டுவைத்தது. 2010-ல் டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் வரைபடம்போல ஓட்ஸ் துணுக்குகளை வைத்தபோது, அது போட்ட இணைப்புகள் அங்கே பொறியாளர்கள் போட்டிருந்த ரயில் பாதைகளோடு ஒப்பிடும் அளவுக்குத் திறமையாக இருந்தன. இதை யோசிக்கிறது என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி, நான் சொல்லமாட்டேன். நல்ல வழியில் திரவம் அதிகம் ஓடுகிறது, அதிகம் ஓடும் குழாய் தடிக்கிறது, மற்றது சுருங்குகிறது. அவ்வளவு எளிய விதியிலிருந்து அவ்வளவு நல்ல விடை வருவதுதான் என்னை அசத்துகிறது.

செடிகளுக்கு இதனால் கெடுதல் இல்லை. காய்ந்து தூளானால் மட்டும் ஆஸ்துமா உள்ளவர்கள் தள்ளியிருக்கலாம்.

முதல் மழைக்கு வரும் மண்வாசனை பூஞ்சையால் வருவதா?

பாக்டீரியாவால். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின்தான் அந்த வாசனையில் முக்கியமானது. ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, இவை பாக்டீரியாவாக இருந்துகொண்டே இழையாக வளர்ந்து ஸ்போர் விடுபவை, அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கே கதிர்ப்பூஞ்சை என்ற பொருளில் ஆக்டினோமைசீட்ஸ் என்று பெயர் வந்தது. ஆக, ஒரே உடல்வாகு மூன்றாவது முறையாக, இம்முறை உட்கருவே இல்லாத ஓர் உயிரில். காசநோய்க்கு முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் இவற்றிலிருந்துதான் கிடைத்தது.

பாறையிலும் மரப்பட்டையிலும் வெளிறிய பச்சையாகப் படர்ந்திருப்பது பாசியா பூஞ்சையா?

இரண்டும் சேர்ந்தது, லைக்கன். பூஞ்சை வீடு கட்டித்தருகிறது, உள்ளே இருக்கும் பாசியோ நீலப்பச்சை பாக்டீரியாவோ வெயிலில் உணவு செய்கிறது. 1867-ல் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது லைக்கன் ஆராய்ச்சியாளர்களே கடுமையாக எதிர்த்தார்கள், தாங்கள் வாழ்நாளெல்லாம் ஒரே உயிர் என்று படித்தது இரண்டு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது. 2016-ல் பல லைக்கன்களின் மேல்தோலில் ஒரு ஈஸ்ட்டும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

படர்தாமரைக்கு வீட்டிலிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் ஒரு களிம்பும் போட்டேன். முதலில் அரிப்பு குறைந்தது, பிறகு பெரிதாகப் பரவிவிட்டது. ஏன்?

படர்தாமரை பூஞ்சை நோய். பாக்டீரியாவுக்கான மாத்திரை அதைத் தொடாது. பெனிசிலின் மாதிரி மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரை உடைப்பவை, பூஞ்சையின் சுவர் வேறு பொருளால் ஆனது, அந்த வகைச் சுவர் அதற்குக் கிடையாது. பெனிசிலினே ஒரு பூஞ்சை செய்வதுதானே, 1928-ல் ஃபிளெமிங் பார்த்தது அதைத்தானே. தன்னையே கொல்லும் மருந்தை அது செய்துகொண்டிருக்காது.

களிம்பில் ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், அரிப்பு குறைந்து நோய் பரவியது அதைத்தான் காட்டுகிறது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடும். சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு போராடுவதன் அடையாளம், போராட்டம் நின்றதும் பூஞ்சை தோலிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தடையில்லாமல் தின்றுகொண்டு போகும். தோல் மருத்துவரைப் பாருங்கள், அவர் சொல்லும் வாரங்கள் முழுவதும் மருந்தைப் போடுங்கள், மேலே மறைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். சொந்தம் என்று சொன்னேனே, அந்தச் சொந்தத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து வெகுவாக வேறுபட்டது, அதை மட்டும் அடிக்க இடம் நிறைய இருக்கிறது. பூஞ்சையின் செல் உள்ளே கிட்டத்தட்ட நம்முடையது மாதிரி. மிச்சமிருக்கும் வித்தியாசங்கள் கொஞ்சம்தான்: நமக்குக் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் அதற்கு எர்கோஸ்டீரால், நமக்கு இல்லாத குளுக்கன் சுவர். உள்ளே கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டைக் குறிவைத்தே இருக்கின்றன. எர்கோஸ்டீராலோடு ஒட்டிக்கொள்ளும் ஆம்ஃபோடெரிசின் நம் செல்களையும் ஓரளவு தாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுப்பதால்தான் மருத்துவமனையில் கண்காணித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷக்காளான், பூச்சி தின்றிருந்தால் நல்ல காளான் என்பது சரியா?

இரண்டும் பொய். கொல்லக்கூடிய பொய். டெத் கேப் எனப்படும் அமானிட்டா ஃபலாய்ட்ஸ் வெள்ளியைக் கறுக்கவைக்காது, பூச்சிகளும் நத்தைகளும் அதைத் தின்னும், சமைத்தாலும் நஞ்சு போகாது, சாப்பிட்டவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குமேல், பல நேரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. அது நின்று ஒருநாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். காட்டில் எடுத்த காளானைச் சாப்பிட்டு எந்த உபாதை வந்தாலும், சரியாகிவிட்டது மாதிரி இருந்தாலும், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வகையைத் துல்லியமாக அறிந்த ஆள் கையில் எடுத்துப் பார்த்துச் சொன்னால் ஒழியக் காட்டுக்காளான் வேண்டவே வேண்டாம்.

மரங்கள் பூஞ்சை வலை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது என்கிறார்களே, நம்பலாமா?

பாதி. வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் மைக்கோரைசா என்ற ஏற்பாடு சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை, நிலத்தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இருக்கிறது. பூஞ்சை பாஸ்பரஸையும் நீரையும் தேடிக்கொடுக்கும், செடி சர்க்கரை கொடுக்கும். நாற்பது கோடி ஆண்டுக்கு முந்தைய புதைபடிவங்களில், வேர் என்ற உறுப்பே சரியாக உருவாகாத செடிகளின் திசுக்குள்ளேயே இந்தப் பூஞ்சை இருந்திருக்கிறது, செடிகள் நிலத்துக்கு வந்ததே இந்தத் துணையால்தான் என்று நினைக்க நல்ல காரணம் உண்டு. ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கார்பன் போவதையும் 1997-ல் காட்டினார்கள். ஆனால் அது பூஞ்சை இழை வழியாகத்தான் போனதா, போனது வாங்கிய மரத்துக்கு உதவும் அளவு இருந்ததா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கடும் விவாதம் நடக்கிறது. பேசுகிறது, ஊட்டுகிறது என்ற சொற்களை நான் பயன்படுத்தமாட்டேன். அந்தக் கதையில் பூஞ்சை வெறும் கம்பியாகிவிடுகிறது என்பதும் எனக்கு வருத்தம். தனக்கென்று பசியும் வளர்ச்சியும் உள்ள உயிர் அது. அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் ஆர்மில்லேரியா என்ற பூஞ்சையின் ஒரே தனி உயிர் சுமார் 965 ஹெக்டேருக்குப் பரவியிருக்கிறது, வயது இரண்டாயிரம் ஆண்டுக்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள். மரங்களுக்கு அது ஊட்டுவதில்லை, வேரிலேயே கொன்று தின்கிறது.

நுண்ணோக்கி இல்லாமல் வீட்டில் பிள்ளைகளுக்குப் பூஞ்சையின் ஸ்போரைக் காட்ட முடியுமா?

முடியும், ஸ்போர் பதிவு எடுங்கள். கடையில் வாங்கிய, குடை நன்றாக விரிந்த காளான் ஒன்று போதும், மொட்டாக மூடியிருந்தால் விழாது. காம்பைக் குடையோடு ஒட்ட வெட்டிவிட்டு, பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளின்மேல் மடிப்புகள் கீழே பார்க்கும்படி வையுங்கள். சில வகையின் ஸ்போர் வெள்ளை, சிலது பழுப்பு, சிலது ஏறக்குறையக் கறுப்பு, எது வந்தாலும் ஏதாவது ஒரு பாதியில் தெரியும். குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி, காற்று ஆடாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் குடையை நேராக மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் இழுக்கக்கூடாது. மடிப்புகளின் கோடுகள் ஒவ்வொன்றும் தூளால் வரைந்ததுபோல் தாளில் இருக்கும், அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு ஸ்போர், ஒரு காளான் மொத்தமாகக் கோடிக்கணக்கில் விடும். பிள்ளைகளை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், முகரவேண்டாம், பிறகு கைகழுவச் சொல்லுங்கள். எந்த நிறம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.